டைப் அடித்த மாம்பலம்

எங்கள் காலத்தில் மேற்கு மாம்பலத்தில் எல்லாரும் டைப் அடித்தார்கள். இப்போது எல்லாரும் டைப் பண்ணுகிறார்கள். 'அடி' போய்ப் 'பண்ணு' வந்த இடைவெளியில் ஒரு தெருவின் சத்தமே போய்விட்டது. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தமிழ்ப் பேச்சு ஆங்கில வினைச்சொல்லை வீட்டுக்குள் சேர்க்கும்போது பெரும்பாலும் 'பண்ணு'வோடுதான் சேர்க்கும். அட்ஜஸ்ட் பண்ணு, ஷிஃப்ட் பண்ணு, செலக்ட் பண்ணு. சில சொற்களுக்கு மட்டும் 'அடி' கிடைத்தது: பெல் அடி, பெயிண்ட் அடி, காப்பி அடி, கட் அடி, சைட் அடி. டைப் இந்தச் சின்னக் கூட்டத்தில் இருந்தது. அகராதி பார்த்து யாரும் இதை முடிவு செய்யவில்லை. மிஷின் முன் உட்கார்ந்தால் கை என்ன செய்ததோ அதையே வாய் சொன்னது. ஆனால் அகராதியைப் பிரித்துப் பார்த்தால், இங்கிலீஷ்காரர்களே மறந்துவிட்ட பொருளை மாம்பலம் பிடித்துவைத்திருந்தது தெரியும்.

நம் இலக்கணத்தில் வினைக்கு மாதிரி காட்ட 'செய்' என்ற சொல்லை எடுப்பார்கள். செய்து என்னும் வாய்பாடு, செய்யும் என்னும் வாய்பாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. பழைய கிரேக்க இலக்கணக்காரர்கள் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட வினை 'துப்தோ'. அடிக்கிறேன் என்று பொருள். அடிக்கிறேன், அடிக்கிறாய், அடிக்கிறான் என்று எத்தனையோ நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பிள்ளைகள் உருப்போட்ட வினை அதுதான். அந்த 'துப்தோ'வின் வயிற்றில் பிறந்த பெயர்ச்சொல் 'துபோஸ்': அடி, அடி விழுந்த தடம், அந்தத் தடத்தின் உருவம். லத்தீனில் 'துபுஸ்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'டைப்' ஆயிற்று.

ஆங்கிலத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் அதற்குச் சின்னம், அடையாளம் என்று பொருள். வினையாக அது வந்தது பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில். அப்போதும் 'ஒன்றுக்கு அடையாளமாக நிற்பது' என்றுதான் பொருள். அச்செழுத்து என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்ந்தது. 1874-இல் ரெமிங்டன் கம்பெனி ஷோல்ஸின் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்து, அது ஆபீஸ்களில் பரவிய பிறகுதான், அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நாம் இன்று சொல்லும் டைப் வினையாயிற்று. ஆக, கிரேக்கத்தில் அடியாகக் கிளம்பிய சொல் இரண்டாயிரம் வருஷம் ஊர் சுற்றி, அடையாளமாகி, அச்சாகி, கடைசியில் மறுபடியும் விரலால் அடிக்கும் வேலைக்கே வந்து சேர்ந்தது.

இந்தச் சொல்லுக்கு உறவும் நிறைய. தட்டுவது, இடிப்பது, முட்டுவது என்ற பொருள்கொண்ட ஒரு பழைய வேரைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் காட்டுகிறார்கள். டைப் அதிலிருந்து வந்தது. படிப்பைக் குறிக்கும் 'ஸ்டடி'யும், மந்தத்தைக் குறிக்கும் 'ஸ்டுப்பிட்'டும் அதிலிருந்தே வந்தன என்பார்கள். ஒன்று முட்டி முன்னே போவது, மற்றொன்று அடிபட்டு மலைத்து நிற்பது. காதுக்குள் இருக்கும் செவிப்பறையை டாக்டர்கள் 'டிம்பானம்' என்பார்களே, அதுவும் துப்தோவின் குடும்பந்தான். கிரேக்கத்தில் அது பறையின் பெயர். டைபாய்டு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது புகை, மயக்கம் என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

எங்கள் இன்ஸ்டிட்யூட் ஆரிய கௌடா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மளிகைக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. காலை ஆறு மணிக்கே முதல் பேட்ச். அயோத்தியா மண்டபத்துப் பக்கமிருந்து பூ வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த மாடியை அண்ணாந்து பார்க்காமல் போனதில்லை. அவ்வளவு சத்தம். ரெமிங்டன், ஹால்டா, ஃபாசிட், கோத்ரெஜ் என்று மிஷின்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிழட்டு ரெமிங்டன். பரீட்சை நெருங்கியவர்களுக்கு நல்ல மிஷின். ஃபாசிட் நம் ஊரில் செய்த சரக்கு, பெருங்குடியில் ஆலை இருந்தது. கோத்ரெஜ் 1955-இலேயே இந்தியாவில் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்த கம்பெனி.

முதல் பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. அதையே பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும். விரல் விசையில் இறங்கினால் மறுமுனையில் ஓர் இரும்புக் கம்பி எழும்பும். அதன் நுனியில் வார்த்திருக்கும் எழுத்து ரிப்பனை அறையும். ரிப்பன் காகிதத்தில் பதியும். காகிதத்துக்குப் பின்னால் ரப்பர் உருளை அந்த அறையை வாங்கிக்கொள்ளும். வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். லீவரைத் தள்ளி அடுத்த வரிக்கு வர வேண்டும். பலமாக அடித்தால் ஆங்கில 'ஓ' காகிதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுவிடும். தயங்கித் தொட்டால் எழுத்தே விழாது.

எங்கள் மாஸ்டர் நடந்துகொண்டே இருப்பார். நாங்கள் அடிக்கும்போது அவர் எங்களைப் பார்க்க மாட்டார். அடித்து முடித்த தாளை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இடது சுண்டுவிரல் அடிப்பது 'ஏ'. சுண்டுவிரலுக்குப் பலம் கம்மி என்பதால் புதியவர்கள் தாளில் எல்லா 'ஏ'யும் வெளுத்துப்போய்க் கிடக்கும்.

"என்னம்மா, உன் ஏ எல்லாம் பட்டினி கெடக்குதே. தடவிக் குடுக்காதே, அடி!"

பெயர் எழுதாத தாள்களை மேஜையில் கலைத்துப் போட்டாலும் இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். வெளுத்த 'ஏ' ஒருத்தி. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் காகிதத்தைக் குத்திக் கிழிக்கிறவன் ஒருவன். ஸ்பேஸ் பாரில் கட்டைவிரலை ஊன்றி இரண்டு இடம் விட்டுவிடுகிறவள் ஒருத்தி. அடி எப்படியோ தடம் அப்படி. தடத்தைப் பார்த்தால் ஆள் தெரியும்.

டைப் என்ற சொல் நடந்த பாதையும் சரியாக இதுதான். முதலில் அடி. அப்புறம் அடி விட்ட தடம். அப்புறம் ஒரே அச்சு விடும் ஒரே மாதிரித் தடம். அப்புறம் அந்த மாதிரியே, அதாவது இனம், வகை. ரங்கநாதன் தெருவில் புடவைக்காரர் 'டைப் டைப்பா இருக்கு, வந்து பாருங்கம்மா' என்று கூப்பிடுவதும், கவர்மெண்ட் குவார்ட்டர்ஸை 'சி டைப், டி டைப்' என்று பிரிப்பதும், பக்கத்து வீட்டுக்காரரை 'அவர் ஒரு டைப்' என்று சொல்லி நிறுத்துவதும் இந்தக் கடைசிப் படி. ஒரு மனிதரை 'ஒரு டைப்' என்று சொல்லும்போது அவர் மேல் விழுந்திருக்கும் முத்திரையைச் சொல்கிறோம். 'ஸ்டீரியோடைப்' என்பதுகூட முதலில் அச்சுக்கூடத்து வார்த்தை. கோத்த எழுத்துகளை ஒரே தகடாக வார்த்து வைத்துக்கொள்ளும் முறைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் வைத்த பெயர். மனிதர்களை ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அந்தப் பெயரை 1922-இல் எடுத்துக் கொடுத்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன்.

நடுப்படியான 'தடம்' என்ற பொருளுக்கு மாம்பலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணி அடித்த தழும்பைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமையார் சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. கிரேக்க மூலத்தில் அந்தத் தழும்புக்கு வரும் சொல் 'துபோஸ்'. அந்தத் தோமையார் நம் ஊருக்கு வந்தார், பரங்கிமலையில் உயிர்விட்டார், சாந்தோமில் அடக்கமானார் என்பது மரபு. மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி தாண்டி அவர் பெயரிலேயே ஸ்டேஷன் வருகிறது. தாம்பரம் பக்கமிருந்து டைப் அடிக்க வருகிற பெண்களும் ஆண்களும் தினம் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் வந்தார்கள்.

தமிழில் இதற்குத் 'தட்டச்சு' என்று பெயர் வைத்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். தட்டு, அச்சு. கிரேக்கச் சொல்லின் இரண்டு பாதியும் அதில் இருக்கிறது, அடியும் பதிவும். 'அச்சு' நம் பேச்சில் டைப் போன அதே வழியில்தான் போயிருக்கிறது. அச்சு வார்ப்பது கொல்லன் வேலை; அச்சுக்கூடம் புத்தகத்துக்கு; 'அச்சு அசல் அவங்க அம்மா' என்றால் முகஜாடை. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சான நாளிலிருந்து அந்தச் சொல் இன்னொரு வேலையும் பார்த்து வருகிறது.

எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அப்பாவின் தங்கை. சின்ன வயதில் கணவரை இழந்து, தம்பையா ரோடுப் பக்கம் நாங்கள் குடியிருந்த போர்ஷனுக்கு வந்து சேர்ந்தாள். ஒரே குழாய், வரிசையாக நாலு குடித்தனம். எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தாள். சமையல் முடித்துவிட்டு மத்தியான பேட்சில் போய் டைப் பரீட்சையில் லோயர் பாஸ் பண்ணினாள், பிறகு ஹையர். லோயருக்கு நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை, ஹையருக்கு நாற்பத்தைந்து. ஐந்து அடி ஒரு வார்த்தை என்று கணக்கு. அதாவது ஹையர் பாஸ் பண்ணினவள் நிமிஷத்துக்கு 225 அடி அடிக்கிறாள், பிழையில்லாமல். பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் ரயிலில் பீச் ஸ்டேஷன் போய் வந்தாள். எனக்கும் என் அண்ணனுக்கும் பள்ளிக்கூடச் சம்பளம் அவள் விரல்களிலிருந்து வந்தது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. அந்தத் தெருக்களில் எத்தனையோ வீடுகளில், அடுப்படியைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று ஒதுக்கிவைத்த பெண்களைக் கோட்டைக்கும் பீச்சுக்கும் கொண்டுபோய் நிறுத்தியது இந்த ஒரு வினைச்சொல். ஜாதகத்தின் பின்பக்கம் 'டைப் ஹையர் பாஸ்' என்று எழுதினார்கள். தி. நகரில் ஸ்டெனோகிராபர்ஸ் கில்டு இருந்தது. சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்ல வேலை. அமெரிக்காவில் மிஷின் வந்த புதிதில் 'டைப்ரைட்டர்' என்றாலே அதை இயக்கும் பெண்ணையும் குறிக்குமாம். மிஷினுக்கும் மனுஷிக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் அது. எங்கள் தெரு அத்தைக்கு 'டைப்பிஸ்டம்மா' என்று அம்மா சேர்த்து மரியாதை கொடுத்தது.

அத்தைக்கு மிகவும் கடினமான வேலை ஸ்டென்சில் வெட்டுவது. ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய தாளில் எழுத்துகளை வெறுமனே அடிப்பார்கள். அடி விழுந்த இடத்தில் மெழுகு விலகி எழுத்து வெட்டுப்படும். அதை சைக்ளோஸ்டைல் மிஷினில் மாட்டி மை ஓட்டினால் நூற்றுக்கணக்கில் பிரதி. பிழை வந்தால் நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும் திரவத்தைத் தடவி, ஊதி, காயவைத்து, அதன் மேல் மறுபடி அடிக்க வேண்டும். கார்பன் வைத்து நாலு பிரதி எடுப்பதும் அப்படித்தான், பிழை ஒன்றென்றால் திருத்தம் நாலு. இதனால் டைப்பிஸ்டுகளுக்கு ஒரு பழக்கம் வந்தது. வாக்கியத்தை மனதில் முழுசாக வாங்கிக்கொள்ளாமல் கையை இறக்க மாட்டார்கள். அத்தை எங்களுக்குக் கடிதம் எழுதும்போதுகூட ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

தடத்தைப் பார்த்து ஆளைச் சொன்ன எங்கள் மாஸ்டர் வித்தை கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு மிஷினுக்கும் தேய்ந்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று தனி அடையாளம் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் 1891-இலேயே ஒரு கதையில் இதை வைத்து ஏமாற்றுக்காரனைக் கண்டுபிடித்துவிடுவார். நம் சுப்ரீம் கோர்ட் 1952-இல் ஹனுமந்த் வழக்கில், டைப் எழுத்தைப் பற்றி நிபுணர் சொல்வதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. 1996-இல் எஸ்.ஜே. சௌத்ரி வழக்கில் அந்தக் கருத்தை மாற்றி, ஏற்கலாம் என்றது. டைப்ரைட்டரே ஆபீஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அதன் தடத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது.

தமிழில் டைப் அடிக்க முடிந்ததற்கு ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். சில விசைகளை அடித்தால் உருளையைச் சுமக்கும் வண்டி நகராமல் அப்படியே நிற்கும்படி அவர் அமைத்தார். புள்ளியை அடித்தால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் மெய் அதே இடத்தில் வந்து உட்காரும். ஜெர்மனியின் சைடல் உண்ட் நௌமன் கம்பெனி அவர் விசைப்பலகையோடு 'பிஜூ' என்ற சின்ன மிஷினைச் செய்தது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, ணை, லை, றா போன்றவை இப்போதைய வடிவத்துக்கு மாறியபோது, தமிழ் டைப் தெரிந்தவர்களின் விரல்கள் புதுப் பழக்கம் பழக வேண்டியிருந்தது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகை அரசின் அங்கீகாரம் பெற்றது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் என்ற அழகான பங்கீடு. ஆனாலும் இன்று போனில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தைத் தொட்டுத்தான் 'அம்மா'வை வரவழைக்கிறார்கள்.

கோத்ரெஜ் 2009 வாக்கில் டைப்ரைட்டர் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. எங்கள் இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் இப்போது கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறார்கள். கீழே 'ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், பான் கார்டு' என்று போர்டு. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் போனால், எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டைவிரலால் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் டைப் பண்ணுகிறார்கள். அடி கிடையாது, தடம் கிடையாது, எழுத்தில் ஆளும் தெரியாது. வெளுத்த 'ஏ'யோடு யாருமே இல்லை. இன்னும் ஒரு படி தாண்டி, பேசினாலே எழுத்தாகிவிடுகிறது. அதற்கும் டைப் என்றுதான் பெயர். விரலே படாத ஒரு காரியத்துக்கு அடியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் வந்த நன்மையை நான் மறைக்கப் போவதில்லை. கடைசி வருஷங்களில் அத்தைக்கு விரல் மூட்டுகள் வீங்கிப் பேனாவே பிடிக்க முடியவில்லை. போனில் பேசி, தான் பேசியது தமிழில் எழுத்தாக வந்து நிற்பதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். பார்வை இல்லாதவர்கள், கை வழங்காதவர்கள் எத்தனையோ பேருக்கு இது திறந்துவிட்ட கதவு பெரியது. நான் வருத்தப்படுவது வேறு விஷயத்துக்கு. அழிப்பது இவ்வளவு சுலபமானதும், கையை இறக்கும் முன் வாக்கியத்தை முழுசாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் போய்விட்டது. அனுப்பிவிட்டு யோசிக்கிறோம், அழித்துவிட்டு மறுபடி அனுப்புகிறோம். எவ்வளவு சண்டைகள் இந்தத் தெருவிலேயே அப்படிக் கிளம்பியிருக்கின்றன!

அண்ணன் பேத்தி அரசு வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சை எழுதத் தயாராகிறாள். தட்டச்சர் பணிக்குப் போக வேண்டுமென்றால் தட்டச்சுத் தேர்வு பாஸ் பண்ணிய சான்றிதழ் கேட்கிறார்கள். அதனால் மாம்பலத்தில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒரு இன்ஸ்டிட்யூட்டில், அவள் அம்மா பிறப்பதற்கு முன் வார்த்த மிஷினில் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் அடிக்கிறாள். முதல் வாரம் விரல் வலிக்கிறது என்று வந்து கையைக் காட்டினாள்.

"பாட்டி, போன்ல இதைவிட வேகமா டைப் பண்ணுவேன். இங்க எதுக்கு இப்படிக் குத்தணும்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லா 'ஏ'யும் வெளுத்திருந்தது. சுண்டுவிரலைத் தனியாகத் தூக்கி மேஜையில் தட்டும் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தேன். இப்போதைக்கு இங்கிலீஷ் லோயர் மட்டும் எழுதுகிறேன் என்கிறாள். தமிழ் லோயரும் சேர்த்து எழுது, புள்ளி அடித்தால் வண்டி ஏன் நகரவில்லை என்று நீயே கேட்டு வருவாய், அப்போது முத்தையா கதை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் பரீட்சைப் பணம் நான் கட்டுகிறேன்.